சின்ன யானை இடித்து காம்பவுண்டு சுவர் விழுந்தது: நஷ்டஈட்டை யாரிடம் கேட்பது?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். நாங்கள் கொளத்தூரில் சொந்த வீட்டில் இருக்கிறோம், வீடு என் மனைவி பெயரில். போன மாதம் ஒரு நாள் மத்தியானம், பக்கத்து வீட்டு மாடியில் இருப்பவர்கள் ஆன்லைனில் வாங்கிய ஃபிரிட்ஜை இறக்க வந்த சின்ன யானை வண்டி, தெருவில் திருப்ப இடமில்லாமல் வேகமாக ரிவர்ஸ் எடுத்து எங்கள் கேட்டில் இடித்துவிட்டது. கேட் மடங்கிப் போச்சு, ஒரு தூண் சாய்ந்தது, அதோடு ஒட்டிய சுவர் பத்தடிக்கு விழுந்தது, சம்ப் மூடியும் உடைந்தது. கேட் பக்கத்தில் நின்றிருந்த மனைவி அப்போதுதான் உள்ளே வந்தாள், கடவுள் காப்பாற்றினார். டிரைவர் பையன் கையில் இருந்த 2,000 ரூபாயைக் கொடுத்து, "கம்பெனிக்குச் சொல்லாதீங்க சார், சம்பளத்துல பிடிச்சிடுவாங்க" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனான். கொத்தனாரும் கேட் போடுகிறவரும் சேர்ந்து 1,46,000 ஆகும் என்கிறார்கள். வண்டி ஓனர் "இன்சூரன்ஸ்ல பாத்துக்கோங்க" என்கிறார். ஆன்லைன் கம்பெனி கஸ்டமர் கேரில் "அது வெளி டிரான்ஸ்போர்ட், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்கிறார்கள். ஸ்டேஷனில் "யாருக்கும் அடி படலையே, பேசி முடிச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கேஸ் போட்டால் வாய்தா வாய்தா என்று இழுத்தடிப்பார்கள் என்று மகன் பயமுறுத்துகிறான். எதிர்வீட்டு கேமராவில் பதிவானதை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டுக் கடன் இன்னும் நாலு வருஷம் பாக்கி இருக்கிறது, இதில் இந்தச் செலவு வேறு. என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் டிரைவர் வருகிறார், ஓனர் வருகிறார், கம்பெனி வருகிறது, போலீஸ் வருகிறது. உண்மையில் பணம் கொடுக்க வேண்டிய ஆள் மட்டும் வரவில்லை. அந்த வண்டியை இன்சூர் செய்திருக்கும் நிறுவனத்தைத்தான் சொல்கிறேன். ஓனர் உங்களைத் தட்டிக்கழிக்கத்தான் "இன்சூரன்ஸ்ல பாத்துக்கோங்க" என்று சொல்லியிருப்பார். ஆனால் இந்த விவகாரத்தில் யாராவது உருப்படியாகச் சொன்னார்கள் என்றால் அது அந்த ஒரு வரிதான். எப்படிப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன்.

முதலில் வண்டி நம்பர். எம்பரிவாகன் செயலியில் அதைப் போட்டுப் பாருங்கள். ஓனர் பெயரில் சில எழுத்துகள் மறைந்திருக்கும், பரவாயில்லை. எந்த நிறுவனத்தின் இன்சூரன்ஸ், எதுவரை செல்லும், எஃப்.சி. எதுவரை என்பதெல்லாம் தெரிந்துவிடும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இன்றைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதை அல்ல, இடித்த அன்றைக்கு இருந்ததா என்பதை. அதற்குப் பிறகு ரின்யூ செய்து பயனில்லை. ஓனரின் முழுப்பெயர், விலாசம், யார் ஓட்டினார் என்ற விவரங்களுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ ஸ்டேஷனிலோ எழுதிக் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 160-இன்படி, விபத்தில் நஷ்டஈடு கேட்க உரிமை இருப்பதாகச் சொல்லி வருகிறவருக்கு, கட்டணம் வாங்கிக்கொண்டு தங்களிடம் உள்ள விவரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். இந்தப் பிரிவைச் சொல்லி எழுதினால் கவுண்டரில் இருப்பவரின் முகமே மாறும்.

தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் வண்டி ஓட்டக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆள் அடிபட்டால் மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அடுத்தவர் சொத்துக்கு வரும் சேதமும் அதில் அடக்கம், உங்கள் கேட்டும் சுவரும் சம்பும் சட்டத்தின் கண்ணில் அந்த மூன்றாம் நபரின் சொத்துதான். சின்ன யானை மாதிரியான வணிக வாகனங்களுக்கு இந்தச் சொத்துச் சேத வரம்பு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய், ஆகவே உங்கள் 1,46,000 அதற்குள் தாராளமாக அடங்கும். ஒரே ஒரு கண்ணி உண்டு. பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க இந்த வரம்பை வெறும் 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது, சில ஓனர்கள் யோசிக்காமல் அதில் டிக் அடித்துவிடுவார்கள். அப்படியென்றால் 6,000-க்கு மேல் உள்ளதை ஓனர் தன் பாக்கெட்டிலிருந்து தர வேண்டும். அதனால் பாலிசி நகலைக் கேட்டு வாங்கி, டி.பி.பி.டி. (TPPD, அதாவது தேர்டு பார்ட்டி சொத்துச் சேதம்) என்று இருக்கும் வரியில் என்ன தொகை போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஓனர் நகலைக் கொடுக்கத் தயங்குவார். "க்ளெய்ம் போட்டா என் நோ க்ளெய்ம் போனஸ் போயிடும்" என்பார். போகாது. அந்தத் தள்ளுபடி அவர் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியைச் சேர்ந்தது, தேர்டு பார்ட்டி க்ளெய்முக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பாதி ஓனர்கள் வழிக்கு வந்துவிடுவார்கள். இன்னொன்று, அவரிடம் "என் வண்டி டிரைவர் மேல்தான் தப்பு, முழுப் பணத்தையும் தருகிறேன்" என்று எழுதி வாங்கத் தோன்றும், வேண்டாம். இன்சூரன்ஸ் நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பாலிசியிலேயே நிபந்தனை இருக்கும், நீங்கள் வாங்கிய அந்தக் கடிதத்தையே சாக்காகக் காட்டி அவர்கள் கையை விரிப்பார்கள். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன நம்பர் வண்டி, ஓட்டியவர் இன்னார், பின்னால் வரும்போது இன்ன வீட்டின் கேட்டில் இடித்தது என்று நடந்ததை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அது போதும்.

அடுத்து ஸ்டேஷன். "யாருக்கும் அடி படலையே" என்பதைச் சட்டம் ஏற்காது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134-ஐ எடுத்துப் பாருங்கள். ஆள் காயம்பட்டாலும் சரி, அடுத்தவர் சொத்து சேதமானாலும் சரி, அங்கே போலீஸ்காரர் இல்லாத பட்சத்தில் டிரைவர் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் தகவல் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். 2,000 ரூபாய் கொடுத்துவிட்டுக் கிளம்புவதால் அந்தக் கடமை தீராது. இதோடு, உங்கள் மனைவி அப்போதுதான் கேட்டைவிட்டு உள்ளே வந்தார் என்று ஓரமாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, புகாரில் அதை முதல் பத்தியிலேயே வையுங்கள். பொது வழியில் பிறருக்குக் காயம் உண்டாகும்படி அசட்டையாக ஓட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 281-இல் குற்றம், வாரண்டு இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம். காயம் பட்டிருக்க வேண்டும் என்று அதில் இல்லை, படக்கூடிய விதத்தில் ஓட்டினாலே போதும். சொத்தை நாசம் செய்ததாகப் பிரிவு 324-ஐயும் சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதற்கு வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும், அல்லது சேதம் வரும் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். இந்தப் பையன் அப்படிச் செய்யவில்லை.

புகாரை எழுத்தில் இரண்டு நகலாகக் கொண்டு போங்கள். எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். ஸ்டேஷனில் வாங்கவே மாட்டேன் என்றால் தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் பதிவு செய்யலாம், அதுவும் நகரவில்லை என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 173(4)-இன்படி மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பி, அதற்குப் பிறகும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். நஷ்டஈட்டு வழக்குக்கு எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில், போலீஸ் காகிதம் ஒன்றும் இல்லாமல் போனால் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி "இந்த வண்டிதான் இடித்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்பதாகத்தான் இருக்கும். ஒரு மாதம் தாமதமாகிவிட்டதே என்று கலங்க வேண்டாம். எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக விபத்து நஷ்டஈட்டு மனுவைச் சந்தேகிக்கக் கூடாது என்று 2011-இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாமதம் ஏன் என்று புகாரிலேயே எழுதிவிடுங்கள்: முதல் தடவை வந்தபோது பேசி முடிக்கச் சொல்லி அனுப்பினார்கள் என்று, தேதியோடு.

இப்போது நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம். வீடு மனைவி பெயரில் என்று எழுதிவிட்டு, "நான் என்ன செய்யலாம்" என்று கேட்கிறீர்கள். மனு போட வேண்டியவர் நீங்கள் அல்ல ஐயா, அவர்தான். சொத்துச் சேதம் என்றால் அந்தச் சொத்தின் உரிமையாளர் மனு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166 தெளிவாகச் சொல்கிறது. உங்கள் பெயரில் போட்டால் எதிர்த்தரப்புக்கு முதல் நாளே வேலை மிச்சம். புகார், நோட்டீஸ், எஸ்டிமேட், பில் எல்லாவற்றிலும் இனிமேல் அவர் பெயரே வரட்டும். இதில் ஒரு லாபமும் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12-இன்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 15100-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். நானே வக்கீல், ஃபீஸ் வாங்கிப் பிழைக்கிறவன், இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாடகைக்கு இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுவருக்கும் கேட்டுக்கும் வீட்டு ஓனர் மனு போட வேண்டும், உள்ளே நசுங்கிய உங்கள் பைக்குக்கு நீங்கள் போடலாம்.

மனு எங்கே? மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில். சாவு, காயம் ஆகியவற்றுக்கு மட்டுமான இடம் என்று அதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 165-இல் மூன்றாம் நபரின் சொத்துச் சேதமும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது, சொத்துச் சேதம் மட்டும் இருந்தாலும் போகலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில்தான் இந்தத் தீர்ப்பாயம் நடக்கிறது. விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், இதில் எதை வைத்தும் போடலாம். ஓனர் வேறு மாவட்டத்துக்காரராக இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டியதில்லை. டிரைவர், ஓனர், இன்சூரன்ஸ் நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும்.

கெடு ஆறு மாதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்தது, 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது, விபத்து நடந்த தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குகள் போயிருக்கின்றன, அதை நம்பி நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டாம். ஓனரோடு பேச்சுவார்த்தை, கம்பெனியோடு மெயில், "அடுத்த வாரம் பாக்கலாம் சார்" என்ற பதில்கள், இவற்றிலேயே நாலு மாதம் ஓடிவிடும், அப்படி ஓட்டுவதுதான் எதிரில் இருப்பவர்களின் திட்டமாகவும் இருக்கும். பேசிக்கொண்டே இருங்கள், ஆனால் விபத்து நடந்த மூன்றாவது மாதக் கடைசிக்குள் மனு தாக்கலாகியிருக்க வேண்டும்.

சேதம் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் தீர்ப்பாயத்துக்குப் பதிலாகச் சிவில் கோர்ட்டுக்குப் போகும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது, அது உங்கள் விருப்பம். அங்கே பொதுவாக மூன்று வருஷம் வரை அவகாசம் கிடைக்கும், எனவே ஆறு மாதக் கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம், உங்கள் தொகைக்கு 4,380 ரூபாய், அதுவும் மனு போடும்போதே கட்ட வேண்டும். நடைமுறையும் நீளம், உங்கள் மகன் சொல்கிற வாய்தா அங்கே கண்டிப்பாக உண்டு. கெடு இருக்கும்போது அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இன்சூரன்ஸ் தரப்பு எதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பையனிடம் கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸ்தான் இருக்கிறது, சரக்கு வண்டிக்கான பேட்ஜ் இல்லை, ஆகவே பொறுப்பில்லை என்பார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது, சின்ன யானை அந்த எடைக்குப் பக்கத்தில்கூட வராது. லைசென்ஸே இல்லை என்றாலும், முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள் என்று நிறுவனத்துக்கு உத்தரவிடும் வழக்கம் 2004 ஸ்வரண் சிங் தீர்ப்பிலிருந்து இருந்து வருகிறது.

அடுத்தது ஆதாரம். கொத்தனார் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் கோர்ட்டில் நிற்காது. பதிவு பெற்ற சிவில் இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டு, விழுந்த சுவரின் நீளம், உயரம், கனம், தூண் எத்தனை அங்குலம் சாய்ந்திருக்கிறது, சம்ப் மூடி, நடை டைல்ஸ் என்று ஒவ்வொன்றாக அளந்து, போட்டோவோடு அறிக்கை வாங்குங்கள். போட்டோ எடுக்கும்போது டேப்பை விரித்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள். தூணில் வண்டியின் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா, பாருங்கள். இருந்தால் அதற்குத் தனியாக ஒரு கிட்டத்துப் படம். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ அளவு சுருங்கிய நகல், அதில் நம்பர் பிளேட் மங்கிப்போயிருக்கும். எதிர்வீட்டு டி.வி.ஆர்.-இல் (கேமரா பதிவாகும் பெட்டி) அசல் இன்னும் அழியாமல் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள், பெரும்பாலான டி.வி.ஆர்.கள் இடம் நிரம்பியதும் பழையதன் மேலேயே புதிதாகப் பதியும். அசல் கிடைத்தால் பென் டிரைவில் எடுத்து, கேமராக்காரரிடம் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-க்கான சான்றிதழையும் கையெழுத்து வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் வீடியோவைக் கோர்ட்டில் காட்டுவது சிரமம். அசல் போய்விட்டது என்றால் வாட்ஸ்அப் நகல் வந்த அந்தப் போனை மாற்றாமல், அழிக்காமல் வையுங்கள்.

கேஸ் முடியும்வரை சுவரை அப்படியே போட்டு வைக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. சாய்ந்த தூண் யார் தலையிலாவது விழுந்தால் அது உங்கள் பொறுப்பாகிவிடும். இன்ஜினியர் அறிக்கை வந்ததும், ஓனருக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் "பழுது பார்க்கப் போகிறோம், பார்வையிட வேண்டுமென்றால் பதினைந்து நாளுக்குள் வாருங்கள்" என்று ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள். அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் அப்புறம் வேலையைத் தொடங்கலாம். ஜி.எஸ்.டி. பில்லோடு செய்யுங்கள். இரும்பு கேட் இருந்த இடத்தில் இரும்பு கேட்டே போடுங்கள், இதுதான் சாக்கு என்று எஸ்.எஸ். கேட்டும் கிரானைட் தூணும் வைத்துவிட்டு அந்த பில்லை நீட்டினால், நியாயமான பகுதியும் சேர்ந்து அடிபடும். பழைய சுவர் என்று தேய்மானம் கழிக்கச் சொல்லி அவர்கள் வாதாடத்தான் செய்வார்கள், கொஞ்சம் குறையலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

ஒரு சங்கடமான கேள்வி. உங்கள் தூணும் கேட்டுக்கு முன்னால் போட்டிருக்கும் சாய்தளமும் உங்கள் பட்டா எல்லைக்குள்தானே இருக்கின்றன? நம் ஊரில் கார் ஏற்றுவதற்காகத் தெருவில் இரண்டடி, மூன்றடி சாய்தளம் போடாத வீடு அபூர்வம். சுவரே கொஞ்சம் மாநகராட்சி இடத்தில் நிற்கிற வீடுகளும் உண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் சாமர்த்தியசாலி என்றால் "தெருவை மறித்துக் கட்டியிருந்தார்கள், வண்டி திருப்ப இடமில்லாமல் போனதற்கு அவர்களே காரணம்" என்பார். அப்படி இருந்தாலும் உங்கள் உரிமை முழுவதும் போய்விடாது, தொகையில் ஒரு பங்கு குறையும். ஆனால் அதை எதிர்த்தரப்பு வாயிலிருந்து கோர்ட்டில் கேட்பதைவிட, இப்போதே எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தை எடுத்துப் பார்த்து உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுவது நல்லது. தெருவுக்கு வந்த பகுதிக்கு நஷ்டஈடு கேட்காமல் விடுவதும் புத்திசாலித்தனம்.

ஆன்லைன் கம்பெனி விஷயத்துக்கு வருவோம். "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கஸ்டமர் கேர் சொல்வது அவர்களுக்கும் டிரான்ஸ்போர்ட்காரருக்கும் இடையில் உள்ள ஒப்பந்தத்தை வைத்து. அந்த ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து இல்லை, அது உங்களைக் கட்டாது. வாடகைக்கு எடுத்த வண்டியின் டிரைவர் யாருடைய உத்தரவில், யாருடைய கட்டுப்பாட்டில் ஓட்டினாரோ அவருக்கும் பொறுப்பு உண்டு என்று 1997-இல் ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பஸ் வழக்கு, என்றாலும் வாதம் இதற்கும் பொருந்தும். வண்டியில் கம்பெனி ஸ்டிக்கர் இருந்ததா, பையன் கம்பெனி சட்டை போட்டிருந்தானா, டெலிவரி நேரத்தை யார் நிர்ணயித்தார்கள் என்பதெல்லாம் முக்கியம். பக்கத்து வீட்டுக்காரரிடம் டெலிவரி மெசேஜின் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்டு வாங்குங்கள். அண்டை வீட்டு உறவு கெடாமல் கேளுங்கள், அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? ஃபிரிட்ஜ் வாங்கியது நீங்களாக இருந்தால் சேவைக் குறைபாடு என்று ஒரு வழி இருந்திருக்கும், இரண்டு வருஷ அவகாசமும் கிடைத்திருக்கும். வாங்கியது அடுத்த வீட்டுக்காரர், அதனால் சட்டப்படி நுகர்வோர் அவர்தான். அந்தக் கதவை விட்டுவிடலாம். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மட்டும் ஒரு மெயில் அனுப்புங்கள். அந்த அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் கம்பெனியின் இணையதளத்திலேயே இருக்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. பணம் வராவிட்டாலும் அவர்கள் எழுத்தில் கொடுக்கும் பதிலில், அன்றைக்கு எந்த வண்டி, எந்த டிரான்ஸ்போர்ட் என்பது பெரும்பாலும் வெளிவந்துவிடும். எனக்கு வேண்டியது அதுதான்.

இதையெல்லாம் தொடங்கும் முன்பு பீரோவைத் திறந்து உங்கள் வீட்டுக் கடன் ஃபைலை எடுங்கள். கடன் கொடுத்த வங்கி வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்க வைத்திருக்க வாய்ப்பு அதிகம், கடன்காரருக்கே அது ஞாபகம் இருக்காது. ஆயுள் காப்பீடு ஒன்றை மட்டும் தலையில் கட்டியிருப்பார்கள், அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 2021 ஏப்ரல் முதல் வீடுகளுக்கு என்றே எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில், வெளியிலிருந்து வண்டி வந்து மோதுவதும் சேர்த்தி, காம்பவுண்டு சுவரும் கேட்டும் கட்டடத்தின் பகுதியாகவே கணக்கில் வரும். அப்படி ஒன்று இருந்தால் உங்களுக்கு அதுதான் சீக்கிரமான வழி. இன்றே தகவல் கொடுங்கள். ஒரு மாதம் தாமதம் என்று மறுத்தால், நியாயமான க்ளெய்மைத் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருப்பதைச் சொல்லுங்கள், அதற்கும் மசியாவிட்டால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். பணம் கொடுத்த பிறகு வண்டிக்காரர்மேல் வழக்குப் போடும் உரிமை அந்த நிறுவனத்துக்குப் போகும். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் வாங்க முடியாது.

இதனால்தான் இன்னொன்றையும் எச்சரிக்கிறேன். ஓனர் நடுவில் ஒரு நாள் வந்து, "இருபதாயிரம் தர்றேன், ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று காகிதம் நீட்டலாம். அதில் "முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தால் கதை அத்தோடு முடிந்தது, உங்கள் சொந்த பாலிசி நிறுவனமும் உங்கள்மேல் கோபப்படும். பணத்தை வாங்குவதாக இருந்தால் வங்கிக் கணக்கில் வாங்கி, "பகுதித் தொகை, மீதியைக் கேட்கும் உரிமைக்குப் பாதிப்பில்லை" என்று எழுதிக் கொடுங்கள்.

மகன் சொல்லும் வாய்தா பயம் பொய்யில்லை. தேர்டு பார்ட்டி சொத்துச் சேதத்தில் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் நேரில் போனால் பெரும்பாலும் "கோர்ட் உத்தரவோடு வாங்க" என்றுதான் சொல்லும். ஆனால் மனு எண் விழுந்த பிறகு அவர்கள் பேச்சே வேறு மாதிரி இருக்கும், ஒன்றரை லட்ச ரூபாய்க்கு வக்கீல் வைத்து வருஷக்கணக்கில் நடத்த அவர்களுக்கும் விருப்பமில்லை. லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அனுப்பச் சொல்லி மனு கொடுங்கள். தேசிய லோக் அதாலத் நடக்கும் நாட்களில் மோட்டார் விபத்து வழக்குகள்தான் நிறையத் தீரும். அங்கே 1,46,000 கேட்டு 1,20,000-க்கு முடிந்தால் நான் முடித்துக்கொள்ளத்தான் சொல்வேன். அந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது, இரண்டு பேருக்கும்தான். வழக்கை முழுக்க நடத்தி ஜெயித்தால் மனு தேதியிலிருந்து வட்டியும் கேட்கலாம், அது வேறு கணக்கு, வேறு காலம்.

டிரைவர் பையன் கொடுத்த 2,000 ரூபாயைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். மனுவில் அதை வரவு வைத்துக் கழித்துக் காட்டிவிடுங்கள், மறைத்தால் குறுக்கு விசாரணையில் அசிங்கமாகிவிடும். அவனை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது சட்டம் கேட்பதால், அவனிடமிருந்து பிடுங்குவதற்காக அல்ல என்பதை ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நியாய சன்ஹிதா பிரிவு 281-இல் அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். பெரும்பாலும் அபராதத்தோடு முடியும் என்று தெரிந்தால் அவன் ஓடி ஒளியாமல் ஸ்டேஷனுக்கு வந்து உள்ளதைச் சொல்வான். அந்த வாக்குமூலம் உங்கள் மனைவியின் மனுவுக்கு எதிர்வீட்டு வீடியோவைவிட உபயோகமாக இருக்கும்.